நம்பர் பிளேட் சேகரிக்க ஆரம்பிக்கிறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி அதைப் படிக்கக் கத்துக்கோங்க

என் சேகரிப்புலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா பளபளன்னு இருக்குற எதையும் நான் காட்ட மாட்டேன், ஒரு பழைய அமெரிக்க இரும்பு பிளேட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதுல 1942ன்னு வருஷம் அடிச்சிருக்கும், ஆனா ஒரு மூலையில அந்த வருஷத்து மேலயே ஒரு சின்னத் தகடு, 43ன்னு எழுதி, போல்ட்டோட சேத்து முறுக்கியிருப்பாங்க. ஏன்னா அப்ப ரெண்டாம் உலகப் போர், இரும்பு மொத்தமும் போருக்குப் போயிட்டிருந்துச்சு, அதனால பல மாநிலங்கள் 1943க்குப் புதுசா முழு பிளேட் அடிக்காம பழைய பிளேட்டுக்கே ஒரு குட்டித் தகட்டைக் குடுத்து ஒப்பேத்துனாங்க. அந்தக் குட்டித் தகடு லேசா நகந்திருக்குற ஓரத்துல பாத்தீங்கன்னா அடியில இருக்குற பெயிண்ட் அன்னிக்கு அடிச்ச மாதிரியே இருக்கு, மத்த இடமெல்லாம் வெயில் பட்டு வெளுத்துப் போச்சு. ஒரு சாண் தகட்டுக்குள்ள ஒரு போர், ஒரு பஞ்சம், ரெண்டு வருஷ வெயில் எல்லாம் இருக்கு.

இதைத்தான் புதுசா ஆரம்பிக்கிற எல்லார்கிட்டயும் சொல்றேன். நம்பர் பிளேட்ங்கிறது ஒரு ஆவணம். படிக்கத் தெரிஞ்சா அது பேசும், படிக்கத் தெரியாம வாங்கிக் குவிச்சா வீட்டுல பழைய இரும்பு சேந்ததுதான் மிச்சம். அதனால எங்க வாங்குறது எப்படி மாட்டுறதுங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு தெரிஞ்சுக்கோங்க, அது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இல்ல, கையில இருக்குற தகடு எந்தக் காலத்துதுன்னு கண்டுபிடிக்க அதுதான் உங்களுக்கு அளவுகோல்.

முதல் கட்டம் பாரிஸ். 1893 ஆகஸ்ட் 14ல பாரிஸ் போலீஸ் ஒரு உத்தரவு போட்டாங்க, மோட்டார் வண்டி வச்சிருக்கவங்க அவங்க பேரு, விலாசம், அனுமதி எண் மூணையும் ஒரு தகட்டுல எழுதி வண்டியில மாட்டணும்னு. நாடு முழுக்க நம்பர் குடுக்குற முறையை முதல்ல கொண்டுவந்தது நெதர்லாந்து, 1898ல. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம் 1901ல சட்டம் போட்டுச்சு, ஆனா தகடு எதுவும் குடுக்கல, வண்டிக்காரரே தன் பேரோட முதல் எழுத்துகளை மூணு இன்ச் உயரத்துக்குக் குறையாம வண்டிக்குப் பின்னாடி மாட்டிக்கணும்னு மட்டும் சொன்னாங்க. அதனால ஆளாளுக்குத் தோல்ல, மரத்துல, தகரத்துலன்னு அவங்களே செஞ்சுக்கிட்டாங்க, வீட்டுக் கதவுல அடிக்கிற உலோக எண்களை வாங்கித் தோல் பட்டையில அடிச்சு மாட்டுனவங்கல்லாம் உண்டு, கொஞ்ச நாள்ல எழுத்துக்குப் பதிலா நம்பர் வந்துடுச்சு. சேகரிக்கிறவங்க இதை மாநிலம் குடுக்குறதுக்கு முந்தின காலத்துப் பிளேட்னு தனியா வச்சுப் பேசுவாங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுங்குறதால அழகு ஜாஸ்தி, அதே காரணத்தாலயே போலியும் ஜாஸ்தி, புதுசா வர்றவங்க இந்தப் பக்கம் உடனே போயிடாதீங்க.

மாநிலமே தகடு அடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சது மாசச்சூசெட்ஸ், 1903ல. இரும்புத் தகட்டு மேல பீங்கான் மாதிரி எனாமல் பூச்சு, அடர் நீலத்துல வெள்ளை எழுத்து. நம்பர்ல இலக்கம் கூடக்கூட தகடும் நீளமாகிட்டே போகும், ஒத்தை இலக்க நம்பருக்குக் குட்டித் தகடு, நாலு இலக்கத்துக்கு நீளத் தகடு. பிரிட்டன்ல 1903 சட்டப்படி 1904 ஜனவரி 1லேர்ந்து கட்டாயம், லண்டனுக்கு ஏ 1ங்குற நம்பர். அதை வாங்க ஏர்ல் ரஸ்ஸல், அதாவது தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோட அண்ணன், ராத்திரி முழுக்க வரிசையில நின்னாருன்னு சொல்லுவாங்க. ஃபேன்சி நம்பர் ஆசை அப்பவே ஆரம்பிச்சிடுச்சு.

எனாமல் பிளேட்னா என்னன்னு கொஞ்சம் நின்னு பாக்கலாம், ஏன்னா இதுதான் சேகரிக்கிறவங்க அதிகமா ஆசைப்படுறதும் அதிகமா ஏமாறுறதும். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டு மேல பூசி உலையில வச்சு உருக்கி ஒட்டவைக்கிறது. முதல்ல ஒரு கருப்பான அடிப்பூச்சு, அதுக்கு மேல பின்னணி நிறம், அதுக்கு மேல எழுத்து, ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுட்டு எடுப்பாங்க. அதனால கண்ணை மூடிட்டு விரல் நுனியால மெதுவா தடவினா நிறம் மாறுற இடத்துல ஒரு மெல்லிய படி தட்டுப்படும். வெயில்ல நிறம் சுலபமா போகாது, நூறு வருஷம் கழிச்சும் ஈரத்துணியால துடைச்சா மின்னும், ஆனா கல்லு பட்டா சில்லு தெறிச்சிடும். செலவும் அதிகம், உடையவும் செய்யுது, வண்டிங்க எண்ணிக்கையும் ஏறிட்டே போகுது, அதனால 1910கள்லயே பல இடத்துல எனாமலை விட்டுட்டு இரும்பை அச்சுல அழுத்தி எழுத்தை எழும்ப வச்சு பெயிண்ட் அடிக்கிற முறைக்கு வந்துட்டாங்க.

இந்த பெயிண்ட் அடிச்ச இரும்பு பிளேட் காலம்தான் எனக்குப் பொக்கிஷம். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் வருஷா வருஷம் புது பிளேட் குடுத்தாங்க, வருஷா வருஷம் நிறத்தை மாத்துனாங்க, இந்த வருஷக் கட்டணம் கட்டிட்டாரா இல்லையான்னு போலீஸ்காரருக்குத் தூரத்துலயே தெரியணும்ல, அதுக்குத்தான். ஒரே மாநிலத்தோட ஒவ்வொரு வருஷ பிளேட்டையும் விடாம சேக்குறதை ரன்னுன்னு சொல்லுவோம், அந்தப் பழக்கமே இதுலேர்ந்து வந்ததுதான். பிளேட்ல படமும் வாசகமும் போடலாம்ங்குற யோசனையும் இந்தக் காலத்துலதான் வேகம் பிடிச்சுச்சு. 1928ல ஐடஹோ மாநிலம் பிளேட் முழுக்க ஒரு பெரிய உருளைக்கிழங்கு படத்தையே போட்டு அதுக்குள்ள நம்பரை வச்சாங்க. அதே 1928ல மாசச்சூசெட்ஸ் ஒரு சின்ன காட் மீன் போட்டாங்க, அந்த வருஷம் மீன் பாடு குறைஞ்சதுக்கு பிளேட்ல இருந்த மீன்தான் காரணம்னு மீனவங்க குறை சொன்னதா இன்னிக்கும் ஒரு கதை சுத்திட்டிருக்கு. அரிசோனாவுல செம்புச் சுரங்கம் நிறைய இருந்ததால 1932லேர்ந்து 1934 வரைக்கும் பிளேட்டையே செம்புத் தகட்டுல அடிச்சாங்க. டென்னசி 1936லேர்ந்து 1956 வரைக்கும் தன் மாநில வரைபடத்தோட வடிவத்துலயே தகட்டை வெட்டுச்சு, சாஞ்ச ஓரத்தோட நீளமா இருக்கும், கையில எடுத்ததுமே தெரிஞ்சிடும். கனடாவோட வடமேற்குப் பகுதிகள் 1970ல பனிக்கரடி வடிவத்துல கொண்டுவந்தாங்க, சேகரிக்கிறவங்க எல்லாருக்கும் அது ஒண்ணாவது வேணும்.

போர்க்காலம்னு மேல சொன்னேன்ல, அதுல இன்னொண்ணு இல்லினாய். இரும்பு கிடைக்காம 1943லேர்ந்து 1948 வரைக்கும் சோயா கலந்த நார் அட்டையில பிளேட் செஞ்சாங்க, ஆடு மாடுங்க வந்து அதைக் கடிச்சுத் தின்னுச்சுன்னு அங்க சொல்லுவாங்க. முழுசா கிடைச்சா ரொம்ப விசேஷம், தண்ணி மட்டும் காட்டவே கூடாது, அதைக் கீழ சொல்றேன்.

அப்புறம் 1956ல வட அமெரிக்காவுல அளவை ஒரே மாதிரி ஆக்க முடிவாச்சு, 12 இன்ச் அகலம் 6 இன்ச் உயரம். உங்க கையில இருக்குற அமெரிக்க பிளேட் இந்த அளவுல இல்லாம நீளமாவோ குட்டையாவோ இருந்தா பெரும்பாலும் அதுக்கு முந்தினது, இந்த ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும். அதுக்கப்புறம் அலுமினியம், ராத்திரி லைட் பட்டா மின்னுற ஷீட், வருஷத்துக்கு ஒரு ஸ்டிக்கர், இப்ப எழுத்து எழும்பாம தட்டையா பிரிண்ட் பண்ற முறைன்னு வந்துடுச்சு. பெரும்பாலான மாநிலங்கள்ல இதையெல்லாம் அடிச்சது சிறைக்குள்ள இருக்குறவங்கதான். நியூ ஹாம்ப்ஷயர்ல சுதந்திரமா வாழு இல்லன்னா செத்துடுங்குற மாதிரி ஒரு வாசகம் பிளேட்ல வரும், அதையும் சிறையிலதான் அடிச்சாங்க. அந்த வாசகம் என் நம்பிக்கைக்கு ஒத்துவரலைன்னு ஜார்ஜ் மேனார்டுங்குறவர் அதை மறைச்சு ஓட்டி ஜெயிலுக்கே போனாரு, கடைசியில 1977ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருத்தரைத் தன் வண்டியில அரசாங்கத்தோட வாசகத்தைத் தூக்கிட்டுப் போகக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நியூ ஹாம்ப்ஷயர் பிளேட்ல அந்த வரி மேல டேப் ஒட்டுன தழும்பு இருந்தா சுரண்டி எடுத்துடாதீங்க!

மத்த நாடுகளைப் படிக்கிறதுக்கு வேற சாவி வேணும். பிரிட்டன்ல பழசெல்லாம் கருப்புல வெள்ளை இல்ல வெள்ளி எழுத்து, 1973லேர்ந்து புது வண்டிக்கு முன்னாடி வெள்ளை பின்னாடி மஞ்சள்னு கட்டாயமாச்சு. 1963லேர்ந்து வருஷத்துக்கு ஒரு எழுத்து, 2001 செப்டம்பர்லேர்ந்து நடுவுல ரெண்டு இலக்கம். 51னா 2001 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரை வருஷம், 02னா 2002 மார்ச்ல ஆரம்பிச்சது, 52னா அதே வருஷ செப்டம்பர். இதைப் புரிஞ்சுக்கிட்டா புத்தகம் இல்லாமயே வயசு சொல்லிடலாம். ஜெர்மனியில முதல் எழுத்து ஊரு, பி ன்னா பெர்லின், எம் னா மியூனிக். எழுத்தோட வடிவத்தையும் உத்துப் பாருங்க, 1990கள்ல பெயிண்டால திருத்த முடியாதபடி ஒரு புது எழுத்துரு கொண்டுவந்து 2000ல கட்டாயமாக்கிட்டாங்க, பி (P) எழுத்தை ஆர் (R) ஆக்க முடியாது, எஃப்பை ஈ ஆக்க முடியாது, ஒவ்வொண்ணுலயும் வேணும்னே ஒரு வித்தியாசமான வளைவு வச்சிருப்பாங்க. ஜப்பான்ல ஹிரகானாங்குற அவங்க எழுத்து முறையிலேர்ந்து ஒரு எழுத்து வரும், அதுல ஷி வராது, ஏன்னா அவங்க மொழியில சாவுக்கும் அதே உச்சரிப்பு, அதே காரணத்துக்காக 42, 49ல முடியுற நம்பரையும் சாதாரணமா குடுக்க மாட்டாங்க. பின் பிளேட்டோட இடது போல்ட் மேல ஒரு முத்திரை மூடி வேற இருக்கும்.

பிளேட் மட்டும் இல்லாம வண்டிக்குப் பின்னாடி ஒட்டுற நீள்வட்ட நாட்டுக் குறியும் சேக்கலாம், இடமும் கொஞ்சமாத்தான் பிடிக்கும். இது 1909ல பாரிஸ்ல போட்ட சர்வதேச ஒப்பந்தத்துலேர்ந்து வந்தது. இலங்கை வண்டிக்கு இன்னிக்கும் சிஎல், சிலோன்ங்குற பேரோட மிச்சம். சுவிட்சர்லாந்துக்கு சிஎச், லத்தீன் பேர்லேர்ந்து. பின்லாந்து 1993 வரைக்கும் எஸ்எஃப், அதுக்கப்புறம் எஃப்ஐஎன். பிரிட்டன் ஜிபியை விட்டுட்டு 2021 செப்டம்பர் 28லேர்ந்து யுகே. கிழக்கு ஜெர்மனியோட டிடிஆர், சோவியத்தோட எஸ்யு, யூகோஸ்லாவியாவோட ஒய்யு மூணுக்கும் இப்ப நாடே இல்ல, தகடும் ஸ்டிக்கரும்தான் இருக்கு.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். முதல்ல எதைச் சேக்கப் போறீங்கன்னு ஒரு வரியில எழுதி வைங்க. எல்லாத்தையும் சேப்பேன்னு ஆரம்பிச்சா ஆறே மாசத்துல அலமாரி நிரம்பிடும், ஆர்வம் போயிடும். உங்க பிறந்த வருஷத்துப் பிளேட் மட்டும், இல்ல ஒரே ஒரு மாநிலத்தோட ரன், இல்ல நாட்டுக்கு ஒண்ணு, இல்ல மோட்டார் சைக்கிள் பிளேட் மட்டும், இல்ல படம் போட்டது மட்டும்னு ஒரு எல்லை வச்சுக்கோங்க. என்னோட சிபாரிசு நாட்டுக்கு ஒண்ணுன்னு முதல்ல ஒரு இருபது சேருங்க, கையில தொட்டுப் பாத்துப் பழகுங்க, அதுக்குள்ள எது உங்களை இழுக்குதுன்னு தெரிஞ்சிடும், அப்புறம் அந்தப் பக்கம் ஆழமா போங்க.

தேடுற இடம்னா பழைய வண்டி உடைக்கிற யார்டு, பழைய கேரேஜோட பின்சுவரு, சொந்தக்காரங்க வீட்டுப் பரணு, பழைய சாமான் சந்தை, ஆன்லைன் ஏலம், அப்புறம் சேகரிக்கிறவங்க சங்கங்கள். அமெரிக்காவுல 1954லயே இதுக்குன்னு ஏஎல்பிசிஏன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சிட்டாங்க, ஐரோப்பாவுல யூரோபிளேட்னு ஒண்ணு இருக்கு. சங்கத்துல சேந்தா லாபம் பிளேட்ல இல்ல, கேள்வி கேக்க ஆளு கிடைக்குறதுலதான். ஆரம்பத்துக்கு ஜெர்மன் பிளேட் நல்லது, ஏன்னா பதிவு ரத்து பண்ணும்போது முத்திரை ஸ்டிக்கரைச் சுரண்டிட்டு தகட்டைச் சொந்தக்காரர்கிட்டயே குடுத்துடலாம், அதனால தாராளமா சந்தைக்கு வரும். சுரண்டுன தழும்பைக் குறைன்னு நினைச்சு ஒதுக்காதீங்க, அதுதான் ஒழுங்கா ஓய்வு வாங்குன பிளேட்டுக்கு அடையாளம்.

யார்டுல கிடைக்குதேன்னு கேக்காம கழட்டாதீங்க. சில நாடுகள்ல பிளேட் அரசாங்கத்துக்குச் சொந்தம், வண்டி ஓய்வு பெத்தா திருப்பிக் குடுத்தே ஆகணும். தூதரகம், போலீஸ், ராணுவ பிளேட்டை வச்சிருக்குறதே சில இடத்துல குத்தம். இன்னும் ஓட்டத்துல இருக்குற நம்பரோட புது பிளேட்டை யாராவது விக்க வந்தா கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிடுங்க, திருட்டா இருக்க வாய்ப்பு அதிகம். அதே மாதிரி சேகரிப்புல இருக்குறதை எடுத்து ஓட்டுற வண்டியில மாட்டவே மாட்டாதீங்க. பழைய வண்டிக்கு அந்த வருஷத்து அசல் பிளேட்டையே பதிவு பண்ணி மாட்டிக்க சில அமெரிக்க மாநிலங்கள்ல சட்டமே இருக்கு, அப்படி முறையா பதிவு பண்ணுனா அது வேற விஷயம்.

இப்ப முக்கியமான இடம், அசலா போலியான்னு பாக்குறது. பையில ஒரு சின்ன காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவு டேப், முடிஞ்சா ஒரு புற ஊதா டார்ச் வச்சுக்கோங்க. முதல்ல பிளேட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க, முன்பக்கம் உங்களை மயக்குறதுக்குன்னே இருக்கு, பின்பக்கம்தான் நிஜம் சொல்லும். வருஷக்கணக்கா வண்டியில இருந்த தகட்டோட பின்பக்கத்துல பிராக்கெட் உரசுன கோடு, சேறு படிஞ்ச நிழல், போல்ட் தலையோ வாஷரோ அழுத்துன வட்டம் இருக்கணும். 1930கள்ல இரும்புல வந்த பிளேட்னு ஒருத்தர் காட்டும்போது காந்தம் ஒட்டலைன்னா அங்கயே கதை முடிஞ்சுது. அச்சுல அழுத்துன எழுத்துன்னா முன்னாடி எவ்வளவு எழும்பியிருக்கோ பின்னாடி அவ்வளவு குழி தெளிவா இருக்கணும்.

எனாமல் பிளேட்ல சில்லு எங்க விட்டிருக்குன்னு பாருங்க. போல்ட்டை இறுக்கி இறுக்கி ஓட்டையைச் சுத்தி வட்டமா தெறிச்சிருக்கும், ஓரத்துல தெறிச்சிருக்கும், அதுதான் இயல்பு. சில்லு விட்ட இடத்துல அடுக்கடுக்கா நிறம் தெரியும், நடுவுல துரு கரும்பழுப்பா இறுகிப் போய் விரல்ல ஒட்டாம இருக்கும். போலியில எழுத்துக்கு நடுவுல சம்பந்தமே இல்லாம சுத்தியலால தட்டுன மாதிரி சில்லு, ஆரஞ்சு நிறத்துல புதுத் துரு, தொட்டா விரல்ல மஞ்சளா ஒட்டும். நான் ரொம்ப ஆரம்பத்துல ஒரு எனாமல் பிளேட்டை இப்படித்தான் ஏமாந்து வாங்குனேன், போல்ட் ஓட்டை ரெண்டும் ஒரு கீறல்கூட இல்லாம சுத்தமா இருந்துச்சு, ஆனா முகம் முழுக்க சில்லு, ஒரு தடவைகூட வண்டியில மாட்டாத தகட்டுக்கு இவ்வளவு அடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்ப எனக்குக் கேக்கத் தோணல. இப்ப எந்த பிளேட் எடுத்தாலும் முதல்ல ஓட்டையைத்தான் பாக்குறேன்.

மறுபடி பெயிண்ட் அடிச்சதைக் கண்டுபிடிக்கிறதும் அப்படித்தான். போல்ட் ஓட்டைக்குள்ள பெயிண்ட் வழிஞ்சிருக்கா, துருவுக்கு மேல பெயிண்ட் ஏறியிருக்கா, எழுத்தோட ஓரம் கை நடுங்குன மாதிரி வளைஞ்சிருக்கா பாருங்க. அசல்ல எழும்பி நிக்கிற எழுத்தோட உச்சியில மட்டும் ரோலரால நிறம் ஏத்துவாங்க, ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி இருக்கும். புற ஊதா வெளிச்சத்துல பின்னாடி சேத்த பெயிண்ட் தனியா வேற நிறத்துல தெரியும். மறு பெயிண்ட் அடிச்சதை வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல, ஆனா அசல்னு சொல்லி விக்கிறதும் வாங்குறதும் தப்பு.

சுத்தம் பண்றதுல நான் ரொம்ப கறாரு, காரணம் இருக்கு. எனக்கு ஒருத்தர் ஆசையா குடுத்த 1930கள் காலத்து பெயிண்ட் பிளேட் ஒண்ணை அழுக்கு போகட்டும்னு கம்பி நாரு வச்சுத் தேச்சேன், பத்து நிமிஷத்துல அழுக்கோட சேந்து எண்பது வருஷ பெயிண்டும் பொறுக்கு பொறுக்கா வந்துடுச்சு, கீழ வெறும் இரும்பு மினுக்குது. அதைத் திரும்பக் கொண்டுவர இந்த உலகத்துல ஒரு வழியும் கிடையாது. இன்னிக்கும் அதை எடுத்துப் பாத்தா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, அதனாலதான் இதை இவ்வளவு விளக்கமா எழுதுறேன்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி முன்னும் பின்னும் போட்டோ எடுங்க. அப்புறம் காஞ்ச மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால தூசியை மட்டும் தட்டுங்க, பல சமயம் இதோடயே நிறுத்திக்கலாம். போதலைன்னா வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டு, பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில ஒத்திப் பாருங்க. பஞ்சுல அழுக்கு வந்தா சரி, பிளேட்டோட நிறம் வந்தா உடனே நிறுத்துங்க. தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுங்க, முடிச்சதும் உடனே துணியால ஒத்தி ஃபேன் காத்துல காய வைங்க, இரும்புல ஈரம் ஒரு ராத்திரி நின்னாலும் துரு பிடிச்சுக்கும். துரு பிடிச்ச புள்ளிக்கு மட்டும் காது குடையுற பஞ்சுக் குச்சியில லேசா மெஷின் ஆயில் தொட்டு வைக்கலாம். எனாமலுக்கு சோப்புத் தண்ணி தாராளமா போகும், ஆனா உப்புத்தாள், கம்பி நாரு, ஆசிட் மூணும் கிட்டவே வரக்கூடாது. மின்னுற ஷீட் ஒட்டுன பிளேட்டுக்கு தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் எடுக்குற திரவம் எதுவும் ஆகாது, ஷீட் பனி படிஞ்ச மாதிரி மங்கிடும். சோயா அட்டை பிளேட்டுக்குக் காஞ்ச பிரஷ் மட்டும்தான், ஈரம் பட்டா ஊறி உப்பிடும்.

நெளிஞ்ச அலுமினியத்தை நிமித்தணும்னா மேலயும் கீழயும் மரப் பலகை வச்சு ரப்பர் சுத்தியலால ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தட்டுங்க. எனாமலை நிமித்த முயற்சியே பண்ணாதீங்க, இரும்பு வளையும் கண்ணாடி வளையாது. ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா ஏழெட்டு வருஷம் ஒட்டியிருந்தா அப்படியே விட்டுடுங்க, அந்த வண்டி எத்தனை வருஷம் ஓடுச்சுங்குற கணக்கு அந்த அடுக்குலதான் இருக்கு.

வைக்கிற இடம் காஞ்சதா இருக்கணும், தரையில வைக்காதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சு அடுக்குனா எழும்புன எழுத்து பக்கத்துப் பிளேட்டை உரசும், அதனால புத்தகம் மாதிரி நிக்க வச்சு நடுவுல வெள்ளைப் பேப்பர் குடுங்க, செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி ஒட்டுனா உள்ள ஈரம் மாட்டிக்கும். சுவத்துல மாட்டணும்னா ஏற்கனவே இருக்குற போல்ட் ஓட்டை போதும், பிளாஸ்டிக் வாஷர் போட்டு மெதுவா முறுக்குங்க, புதுசா ஓட்டை போடாதீங்க, ரெண்டு பக்க டேப்பும் வேண்டாம். நேர் வெயில் படாத சுவரா பாருங்க, சிவப்புதான் முதல்ல வெளுக்கும்.

சேகரிப்புல பலபேரு சோம்பல்பட்டு விட்டுடுறது பதிவு. ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ எதுவா இருந்தாலும் சரி, நாடு, வருஷம், நம்பர், எதுல செஞ்சது, மில்லிமீட்டர்ல அளவு, எத்தனை ஓட்டை, யார்கிட்டேர்ந்து எப்ப வந்துச்சு, குடுத்தவர் என்ன சொன்னாருன்னு எழுதுங்க. கடைசியில சொன்னதுதான் தங்கம். எங்க தாத்தா லாரியில இருந்ததுன்னு ஒருத்தர் சொன்ன ஒரு வரி, எழுதி வைக்கலைன்னா அவரோட போயிடும். தகட்டு மேல எதுவும் எழுதாதீங்க, ஒரு அட்டையில வரிசை எண் எழுதி நூலால ஓட்டையில கட்டிவிடுங்க.

இதுக்கும் ஃபேன்சி நம்பர் ஏலத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். அபுதாபியில 2008ல 1ங்குற நம்பர் 5.22 கோடி திர்ஹாமுக்குப் போச்சு, துபாய்ல 2023ல பி 7 நம்பர் 5.5 கோடி திர்ஹாமுக்குப் போச்சு. அங்க விக்கிறது நம்பரோட உரிமை, தகடு இல்ல. இதைப் பாத்துட்டு சின்ன நம்பர் பிளேட்டா தேடி வாங்கி முதலீடு பண்ணலாம்னு இறங்காதீங்க, அது வேற உலகம்.

டபுள் சேந்தா விக்காம பண்டமாற்று பண்ணுங்க, என் சேகரிப்புல பாதிக்கு மேல அப்படி வந்ததுதான். எதிர்ல இருக்குறவர்கிட்ட குறையை முதல்லயே சொல்லிடுங்க, பின்பக்க போட்டோவும் சேத்து அனுப்புங்க, சில்லு இருந்தா கிட்டத்துல எடுத்து அனுப்புங்க, அப்படிப் பழகுனவங்க பத்து வருஷம் ஆனாலும் நல்ல பிளேட் கையில வந்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க. பார்சல் போடும்போது நாலு மூலைதான் முதல்ல அடி வாங்கும், அதனால தகட்டை விட எல்லாப் பக்கமும் ரெண்டு விரல் பெருசா ரெண்டு கெட்டி அட்டை வெட்டி, தகட்டைப் பேப்பர்ல சுத்தி நடுவுல வச்சு, போல்ட் ஓட்டை வழியா அட்டையோட சேத்து நூலால கட்டிடுங்க, உள்ள ஆடக் கூடாது. எனாமலா இருந்தா அதுக்கும் மேல ஒரு பெட்டி, சுத்தி பஞ்சு. கவர் மேல பெருசா மடக்காதீங்கன்னு எழுதுங்க, உள்ள ஒரு துண்டுச் சீட்டுல அந்த பிளேட்டைப் பத்தி உங்க நோட்டுல இருக்குறதை அப்படியே காப்பி எடுத்து வைங்க.